புதுக் கோச்சை முதல் வருஷத்தில் எடைபோடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) புதுக் கோச் வந்தவுடன் ரசிகர்கள் இரண்டு விஷயத்தைத்தான் போட்டு அலசுவார்கள். மனிதர் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாரா? பையன்களுக்கு வெறியேற்றத் தெரிந்தவரா? டிசம்பர் வந்தால் அமெரிக்கா முழுக்க இருபது முப்பது கல்லூரிகளில் கோச் மாறுவார்கள். அத்தனை ஊரிலும் இதே பேச்சுதான். நான் இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கனில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. இங்கே தொழில்முறை ஃபுட்பாலான என்.எஃப்.எல். அணி இல்லை, கூடைப்பந்தான என்.பி.ஏ. அணியும் இல்லை. பல்கலைக்கழகத்து ஹஸ்கர்ஸ்தான் மொத்த மாநிலத்துக்கும் ஒரே அணி. ரசிகர்களை உள்ளே விடாத கொரோனா வருஷத்தைத் தள்ளிவைத்தால், 1962 நவம்பரிலிருந்து மெமோரியல் ஸ்டேடியத்தில் எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்திருக்கிறது.

படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, லேப்ல எல்லாரும் கோச்சப் பத்தியே அடிச்சுக்கிறாங்க. நான் என்ன சொல்றது? எனக்கு ஆட்டமே இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருக்கு." அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு ஊரில், வேறு அணிக்குக் கைதட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச் நமக்குக் கதவைத் திறக்கிறாரா என்பது ஒரு கேள்வி. தன் பையன்களுக்குத் திறக்கிறாரா என்பது வேறு கேள்வி. ஆட்டத்தை முடிவு செய்வது இரண்டாவது. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதால்தான் இத்தனை ஊர்கள் திரும்பத் திரும்ப ஏமாறுகின்றன.

முதலில் இந்த இருவரையும் தெரிந்துகொள்ளுங்கள்

நெப்ராஸ்காவில் 2008 முதல் 2014 வரை கோச்சாக இருந்தவர் போ பெலினி. அடுத்து 2015 முதல் 2017 வரை மைக் ரைலி. குணத்தில் இரண்டு துருவங்கள்.

பெலினிக்கு நிருபர்கள் என்றாலே ஆகாது. கேட்ட கேள்விக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் வரும். 2010 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 9-6 என்று தோற்ற ஆட்டத்தில், தன் இளம் குவார்ட்டர்பேக்கின் (களத்தில் ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்) முகத்துக்கு நேரே நின்று அவர் கத்தியதை நாடே டிவியில் பார்த்தது. பல்கலைக்கழகத்துத் தலைமையே அதை வெளிப்படையாகக் கண்டித்தது. 2011 அக்டோபரில் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக 27-6 என்று பின்தங்கியிருந்தபோது கூட்டம் எழுந்து போகத் தொடங்கியது. அணி மீண்டு வந்து 34-27 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் பாதியில் கிளம்பிப் போன ரசிகர்களை அவர் கெட்ட வார்த்தையில் திட்டிய ஒலிப்பதிவு 2013-ல் வெளியே வந்து ஊரே கொந்தளித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் ஏழு சீசனில் ஒரு சீசன்கூட 9 வெற்றிக்குக் கீழே போகவில்லை. 2014 சீசன் முடிவில் அவரை அனுப்பியபோது பிளேயர்கள் அழுதார்கள்.

ரைலி நேர்மாறானவர். மென்மையாகப் பேசுவார், பொறுமையாகப் பதில் சொல்வார். அவர் வந்ததும் ஊருக்கே மூச்சு விட்டதுபோல் இருந்தது. முதல் வருஷம் 6-7, அதாவது ஆறு வெற்றி, ஏழு தோல்வி. அடுத்த வருஷம் 9-4. மூன்றாவது வருஷம் 4-8. அந்தக் கடைசி சீசனின் கடைசி மூன்று ஆட்டத்தில் மினசோட்டா 54, பென் ஸ்டேட் 56, ஐயோவா 56 என்று வரிசையாகப் போட்டுத் தள்ளினார்கள். அத்தோடு அவரும் போனார்.

இதைப் பார்த்துவிட்டு "சிடுமூஞ்சிதான் ஜெயிக்கும், நல்லவன் தோற்பான்" என்று சொல்பவர்கள் இங்கே ஏராளம். அது தவறான பாடம். பெலினி காலத்திலும் ஆறாத காயங்கள் உண்டு. 2012-ல் கான்ஃபரன்ஸ் (அணி சேர்ந்திருக்கும் கல்லூரிக் குழு) இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31. 2014-ல் அதே அணியிடம் 59-24. அன்றைக்கு ஒரே ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) 408 யார்டு ஓடினார். ஒவ்வொரு சீசனும் நாலு தோல்வியில் வந்து நிற்கும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: மைக் முன்னால் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து அவர் ஜெயிப்பாரா மாட்டாரா என்று எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. யாராவது அப்படிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த இரண்டு பேரையும் அடுத்தடுத்து எடுத்து வையுங்கள்.

முதல் பிரஸ் மீட்டைக் கேட்கும் விதம்

எல்லாக் கோச்சும் முதல் நாள் ஜெயித்துவிடுவார்கள். அன்றைக்கு எதிரணி கிடையாது. ஆகவே அன்று உங்களுக்குப் புல்லரித்ததா என்பதை விட்டுவிடுங்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பின்னால் சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களை மட்டும் குறித்து வையுங்கள். "இந்த ஊரின் பெருமையை மீட்போம்" என்பதைச் சரிபார்க்க வழியில்லை. "மாநிலத்துக்குள் இருக்கும் ஹைஸ்கூல் கோச்சுகளைப் போய்ப் பார்ப்பேன்", "உதவிக் கோச்சுகளில் இன்னாரை வைத்துக்கொள்கிறேன்", "பழைய பிளேயர்கள் எப்போது வேண்டுமானாலும் பிராக்டிஸுக்கு வரலாம்" போன்றவற்றைச் சரிபார்க்கலாம். ஆறு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

மிஷிகனில் 2011 ஜனவரியில் பிரேடி ஹோக் வந்தபோது முதல் பேச்சிலேயே அந்த ஊர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. மிஷிகனின் பரம எதிரியான ஒஹையோ ஸ்டேட்டை "ஒஹையோ" என்று மட்டுமே சொல்வார். ரசிகர்களுக்கு அது தேனாக இனித்தது. முதல் சீசன் 11-2. பிறகு 8-5, 7-6, 5-7 என்று படிப்படியாக இறங்கி 2014-ல் முடிந்தது.

எங்கள் ஊருக்கு இன்னும் வலித்த கதை ஸ்காட் ஃப்ராஸ்ட். நெப்ராஸ்காவின் வுட் ரிவர் பையன், 1997-ல் தேசியப் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், 2017-ல் யூ.சி.எஃப். (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) அணியை 13-0 ஆக்கிய கோச். அவர் திரும்பி வந்தபோது இங்கே திருவிழாதான். அப்போது இருந்த நம்பிக்கையை இன்றைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடைசிக் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மண்ணில் 45-42 என்று தோற்ற மறுநாள் அவரை அனுப்பினார்கள். மூன்று வாரம் பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். அந்த மூன்று வாரத்தைக்கூடப் பொறுக்க முடியாத நிலைக்கு விஷயம் போய்விட்டிருந்தது.

யாருக்குத் திறந்த கதவு?

"கோச் அணுகக்கூடியவரா" என்று மொத்தமாகக் கேட்டால் சண்டைதான் வரும், பதில் வராது. கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிருபர்களுக்கான கதவு ரசிகர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம் காதுக்கு எட்டுவதெல்லாம் அந்த வழியாக வருவதால்தான். அதற்கு நான் கொடுக்கும் எடை குறைவு. அலபாமாவில் நிக் சேபன் கோச்சாக இருந்தபோது முதல் வருஷப் பிளேயர்களை நிருபர்களிடம் பேசவே விடமாட்டார். உதவிக் கோச்சுகளும் சீசனுக்கு முன்னால் ஒரு முறை தலைகாட்டுவதோடு சரி. அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியேதான் இருந்தது. அவர் அங்கே ஆறு தேசியப் பட்டம் வென்றார்.

பழைய பிளேயர்களுக்கும் உள்ளூர் ஹைஸ்கூல் கோச்சுகளுக்குமான கதவைக் கூர்ந்து பாருங்கள். நெப்ராஸ்காவில் 2003-ல் 9-3 என்று இருந்த கோச் ஃப்ராங்க் சோலிச்சை அனுப்பிவிட்டு பில் காலஹனைக் கொண்டுவந்தார்கள். என்.எஃப்.எல். அனுபவம் உள்ள, புத்திசாலியான கோச். ஆனால் தங்களை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று பழைய பிளேயர்கள் வாய்விட்டே வருத்தப்பட்டார்கள். 2004-ல் 5-6. 1961-க்குப் பிறகு நெப்ராஸ்கா கண்ட முதல் தோல்விச் சீசன் அதுதான். இந்த மாநிலத்தில் வாக்-ஆன் என்பது சின்ன விஷயமில்லை. ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தக் காசில் படித்துக்கொண்டே அணியில் சேர்ந்து உழைத்து மேலே வரும் கிராமத்துப் பையன்கள்தான் வாக்-ஆன்கள். பண்ணை வீட்டுப் பிள்ளையை அணியில் சேரச் சொல்லி அனுப்புவது உள்ளூர்ப் பள்ளிக் கோச்தான். அவரிடம் பல்கலைக்கழகக் கோச் போனில் பேசுகிறாரா, நேரில் போகிறாரா என்று விசாரிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியர் வாரக் கடைசியில் அணிக்கு உதவி செய்கிறவர். புதுக் கோச் வந்தால் நான் முதலில் கேட்பது அவரிடம்தான்: "உங்க ஸ்கூல் பக்கம் யாராவது வந்தாங்களா?" அவருடைய ஒரு வரிப் பதில் எந்தப் பத்தியையும்விட எனக்கு உதவியிருக்கிறது.

இதில் ஒரு புது நெருக்கடி. 2025-லிருந்து அணிக்கு 105 பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு நூற்றைம்பது பேர் வரை வைத்துக்கொண்டு வாக்-ஆன்களை வளர்த்த நெப்ராஸ்கா போன்ற இடத்துக்கு இது பெரிய அடி. வாக்-ஆன் எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பழியை அப்படியே கோச் தலையில் வைக்காதீர்கள்.

பொது மக்களுக்கான கதவுதான் அதிகச் சண்டைக்கு இடம் கொடுப்பது. கொஞ்சம் நின்றே பேச வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் ஸ்பிரிங் கேம் நடத்துவது இங்கே பழைய வழக்கம். சொந்த அணியையே சிவப்பு, வெள்ளை என்று பிரித்து ஆடவிடுவார்கள். கணக்கில் வராத அந்த ஆட்டத்துக்கு இங்கே அறுபதாயிரம் பேர் வருவார்கள். சீசன் டிக்கெட் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் நாள் அது. 2013 ஸ்பிரிங் கேமில் மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு முழு ஹஸ்கர்ஸ் சீருடை போட்டுக் களத்தில் இறக்கினார்கள். குவார்ட்டர்பேக் அவன் கையில் பந்தைக் கொடுத்தார். அவன் முதலில் தவறான பக்கம் திரும்ப, பெரிய பிளேயர் ஒருவர் தோளைத் தொட்டுத் திசையைக் காட்டிவிட்டார். 69 யார்டு ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன். இரண்டு பக்கத்துப் பிளேயர்களும் பெஞ்சை விட்டு ஓடிவந்து அந்தக் கோட்டுக்கு அப்பால், எண்ட் ஸோனில், அவனைத் தூக்கிக்கொண்டார்கள். அப்போது கோச் யார் தெரியுமா? யாரிடமும் சிரிக்க மாட்டார் என்று பெயர் வாங்கிய அதே பெலினி.

அடுத்து 2025-க்கு வருவோம். 2023-லிருந்து மேட் ரூல் கோச். பேச்சில் தாராளமானவர். அவர் அந்த வருஷத்து ஸ்பிரிங் கேமை வழக்கமான முறையில் நடத்தவில்லை. முந்தைய வருஷம் டிவியில் காட்டிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேறு இடங்களிலிருந்து தன் பிளேயர்களுக்கு வலை வீசினார்கள் என்று காரணம் சொன்னார். பதிலுக்குத் திறன் போட்டிகளும் விளையாட்டுகளுமாக ஒரு நாள் நடத்தினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. "எங்ககிட்ட மிச்சம் இருந்த ஒரே கதவையும் சாத்திட்டாரு" என்று ஒரு கட்சி. "பையனை வேற ஊர்க்காரன் தூக்கிட்டுப் போனா நீங்க கொண்டுவந்து தருவீங்களா?" என்று இன்னொரு கட்சி.

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனாலும் முடிவில் நான் கோச் பக்கம்தான். 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, அதாவது அணி மாற விரும்பும் பிளேயர்கள் பெயர் பதியும் பட்டியல். 2021-ல் ஒரு முறை எந்தத் தண்டனையும் இல்லாமல் அணி மாறலாம் என்றானது. அதே வருஷம் ஜூலையிலிருந்து பிளேயர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. வசந்தத்தில் நன்றாக ஆடிய இரண்டாம் வரிசைப் பையன் மறுவாரமே வேறு மாநிலத்தில் இருக்கலாம் என்றிருந்த அந்த 2025-ல் கதவைச் சாத்துவதற்குக் காரணம் இருந்தது. நான் கேட்பது ஒன்றைத்தான்: சாத்தும்போது காரணத்தை மக்கள் முன்னால் சொன்னாரா? ரூல் சொன்னார். உங்கள் ஊர்க் கோச் ஒரு கதவை மூடினால் நீங்களும் இதைக் கேளுங்கள். காரணம் சொல்லி மூடுகிறவரையும், ஒரு வார்த்தையும் பேசாமல் மூடுகிறவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

கடைசியாக, பிளேயர்களுக்கான கதவு. இது நம் கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. சுற்றி வளைத்துத்தான் அறிய வேண்டும். மூன்றாம் வரிசையில் நிற்கும், பெயர் தெரியாத பையன் பேட்டி கொடுக்கும்போது கேளுங்கள். கோச் தன்னிடம் என்ன சொன்னார் என்று அவனால் குறிப்பாகச் சொல்ல முடிகிறதா, இல்லை சுவரில் எழுதியிருக்கும் வாசகத்தையே ஒப்பிக்கிறானா? நட்சத்திரப் பிளேயரிடம் எல்லாக் கோச்சும் பேசுவார்கள். பெஞ்சில் இருப்பவனிடம் பேசுகிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சீசன் முடிந்து போர்ட்டல் திறந்ததும் யார் போகிறார்கள் என்று பாருங்கள். வாய்ப்புக் கிடைக்காதவர்கள் போவது இயல்பு. தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள், அதிலும் கேப்டனாக இருந்தவர்கள் மூட்டை கட்டினால் உள்ளே ஏதோ சரியில்லை.

வெறியேற்றுவது என்றால் என்ன

பக்கவாட்டுக் கோட்டில் நின்று துள்ளும் கோச்சைக் காட்டத்தான் டிவிக்குப் பிடிக்கும். பார்க்கிறவர்களும் அதையே உற்சாகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். டாம் ஆஸ்போர்ன் நெப்ராஸ்காவில் 1973 முதல் 1997 வரை கோச். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். குரலை உயர்த்தாதவர், கெட்ட வார்த்தை பேசாதவர். டச்டவுன் போட்டாலும் விட்டாலும் முகம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 1984 ஜனவரி 2 அன்று ஆரஞ்சு பௌலில் (சீசன் முடிந்தபின் தேர்ந்த அணிகள் ஆடும் பௌல் ஆட்டங்களில் ஒன்று) அவர் செய்ததை இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மியாமிக்கு எதிராக 31-30 என்று வந்தாயிற்று, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பந்தை உதைத்து ஒரு பாயின்ட் எடுத்தால் சமன். தேசியப் பட்டம் அநேகமாகக் கையில். அவர் ஜெயிப்பதற்காக இரண்டு பாயின்ட் முயற்சிக்கு அனுப்பினார். பாஸ் கைக்கு வரவில்லை. தோற்றார். அந்த முடிவுக்காகத் தன் பிளேயர்களிடம் அவர் சம்பாதித்த மரியாதை எந்தப் பேச்சாலும் வராது.

1991-ல் ஆஸ்போர்ன் யூனிட்டி கவுன்சில் என்று ஒன்றை அமைத்தார். பிளேயர்களே தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஒழுங்கு விதிகளைப் பார்த்துக்கொள்வார்கள். யார் வகுப்புக்குப் போகவில்லை, யார் பிராக்டிஸுக்குத் தாமதம் என்பதைச் சக பிளேயர்களே கேட்பார்கள். பட்டங்கள் 1994, 1995, 1997-ல் வந்தன. அந்தக் கவுன்சிலால்தான் பட்டம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த அணிகளில் அபாரமான பிளேயர்கள் இருந்தார்கள். ஆனால் கோச் பக்கத்தில் இல்லாதபோதும் ஒழுங்காக இருக்கும் அணியை உருவாக்கத் தெரிந்தவர் என்பதற்கு இது சாட்சி.

வாசகங்களை வைத்து ஓட்டும் கோச்சுகளும் உண்டு, அவர்களிலும் தரம் பார்க்க வேண்டும். மினசோட்டாவின் பி.ஜே. ஃப்ளெக் எங்கு போனாலும் "ரோ த போட்" என்பார். வெளியூர்க்காரர்களுக்கு அலுப்புத் தட்டும். 2011-ல் கைக்குழந்தையாகவே இறந்துபோன தன் மகனின் துயரத்திலிருந்து அவர் பிடித்து ஏறிவந்த வாசகம் அது. வெஸ்டர்ன் மிஷிகனில் முதல் வருஷம் 1-11, நாலாவது வருஷம் 13-1. வாழ்க்கையிலிருந்து வந்த வாசகத்தைப் பையன்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். விளம்பர நிறுவனம் எழுதிக் கொடுத்ததையும் அதே வேகத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

டியான் சாண்டர்ஸ் இன்னொரு வகை. 2022 டிசம்பரில் கொலராடோவுக்கு வந்த முதல் கூட்டத்திலேயே, என் ஆட்களை நான் கொண்டுவருகிறேன், போகிறவர்கள் போகலாம் என்று பழைய பிளேயர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, உலகமே பார்த்தது. பொதுமக்களுக்கு அதைவிடத் திறந்த கதவு இருக்க முடியாது. உள்ளே உட்கார்ந்திருந்த பையன்களுக்கு அது சாத்திய கதவு. பெரும்பாலானோர் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொரு பகையையும் சொந்த விஷயமாக மாற்றுவது அவர் பாணி. 2023-ல் எங்கள் ஆட்கள் களத்தின் நடுவே அவர்கள் காட்டெருமைச் சின்னத்தின்மேல் நின்றதை அவமானமாக எடுத்துக்கொண்டு 36-14 என்று எங்களைப் போட்டார்கள். மறு வருஷம் லிங்கனில் 28-10 என்று நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். அவருடைய கணக்கு 2023-ல் 4-8, 2024-ல் 9-4, 2025-ல் 3-9. கோபத்தில் எரியும் அணி சில சனிக்கிழமைகளில் மலையைப் புரட்டும். பன்னிரண்டு சனிக்கிழமையும் ஒரே கோபம் இருக்காது.

ஆட்டத்தைப் பார்த்து உற்சாகத்தை அளக்க நான் செய்வது இதுதான். கோச்சின் முகத்தைப் பார்ப்பதில்லை. பந்தை நழுவவிட்ட பையன் பெஞ்சுக்கு வரும்போது அவனைப் பார்க்கிறேன். யார் அவன் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள்? அடுத்த முறை பந்து கிடைத்ததும் அவனைத் திரும்ப இறக்குகிறார்களா? சொந்த மைதானத்தில், எதிரணிக் கூட்டத்தின் கூச்சல் இல்லாதபோதே ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஆட்டம் தொடங்கும் முன்பே அசைவது) பெனால்டி வாங்குகிறார்களா? பதினோரு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் ஓடிவருகிறார்களா? நாலாவது குவார்ட்டரில் ஜெயிக்க வழி இருக்கும்போது கை நடுங்குகிறதா? ஃப்ராஸ்டின் 2021 அணி 3-9. ஒன்பது தோல்வியும் 9 பாயின்ட் அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசத்தில். உடலில் பலம் இருந்தது, திறமையும் இருந்தது. கடைசி நேரத்தில் உதையிலோ பெனால்டியிலோ ஏதோ ஒன்று சறுக்கும். "இந்த அணிக்கு உற்சாகம் பத்தலை" என்று டிவி முன்னால் உட்கார்ந்து சொல்வது சுலபம். அவர்களுக்குப் பத்தாமல் இருந்தது பழக்கம். அது செவ்வாய்க்கிழமை பிராக்டிஸில் வருவது.

எங்கள் ஊரில் கறுப்பு ஜெர்சி வழக்கம் உண்டு. டிஃபென்ஸில் முதல் வரிசை ஆட்டக்காரர்களுக்குப் பிராக்டிஸில் போடக் கறுப்புச் சட்டை கொடுப்பார்கள். எப்போது கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்பதில் கோச்சின் மனசு தெரியும். உங்கள் அணியிலும் இந்த மாதிரி ஏதாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

முதல் வருஷத்து எண்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். சேபன் அலபாமாவில் முதல் வருஷம் 7-6. லூசியானா-மன்ரோவிடம் சொந்த மண்ணில் 21-14 என்று தோற்றார். ரூல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 2-10 என்று தொடங்கி மூன்றாம் வருஷம் பத்து வெற்றி. பேய்லர் பல்கலைக்கழகத்தில் 1-11 என்று தொடங்கி மூன்றாம் வருஷம் 11-3. அதனால் முதல் வருஷத் தோல்வியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஃப்ராஸ்டும் முதல் வருஷம் 4-8தான். பொறுத்தோம், ஒன்றும் வரவில்லை. தோற்ற விதம் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ரூலின் 2023 நெப்ராஸ்கா 5-7. கடைசி நாலு ஆட்டமும் ஏழு அல்லது அதற்கும் குறைந்த பாயின்ட்டில் போனது. அடுத்த வருஷம் 7-6. அந்தச் சீசனின் கடைசியில் 2016-க்குப் பின் முதல் பௌல் ஆட்டம், அதில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றார்கள். பெரிய பாய்ச்சல் இல்லை. 2025-லும் 7-6தான். அடுத்த படி எங்கே என்று இங்கே பலர் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன்.

விவாதத்தில் உட்காரும்போது

நம் பிள்ளைகள் "எனக்கு ஆட்டம் தெரியாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதில் அத்தனை பிரியம் உள்ளவர்கள். எதிரணி தோற்று வெளியேறும்போதும் எழுந்து கைதட்டும் ஊர் இது. கேள்வி கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் எனக்கு மூன்றாம் டவுன் என்றால் என்ன என்று தோட்டத்து மண்ணில் குச்சியால் கோடு கிழித்துச் சொன்னார்.

எதிர்க்கட்சிக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எது நடந்தா நீங்க உங்க அபிப்பிராயத்தை மாத்திக்குவீங்க?" பதில் சொல்ல முடிந்தவரோடு மணிக்கணக்கில் பேசலாம். முடியாதவரிடம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடலாம்.

பிளேயர்களின் பெயரைச் சொல்லி ஏசாதீர்கள். அவர்களுக்கு இப்போது பணம் வருகிறது, அதனால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது. என் வகுப்புக் கட்டடத்தின் வராண்டாவில் மற்றப் பிள்ளைகளோடு தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருப்பவர்கள். தோற்ற இரவில் அவர்கள் போனுக்குச் செய்தி அனுப்புவது கேவலம். கோச்சைக் கேளுங்கள், கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர் வேலையில் சேர்த்திதான்.

அதற்கு இடமும் இருக்கிறது. பல கோச்சுகள் வாரம் ஒரு முறை ரேடியோவில் ரசிகர்களின் அழைப்பை எடுக்கிறார்கள். 2023 அக்டோபர் கடைசியில் கிளெம்சன் அணி 4-4 என்று தடுமாறிக்கொண்டிருந்தது. ஒரு ரசிகர் கூப்பிட்டு, அந்த அணியின் கோச் டேபோ ஸ்வின்னியிடம் அவர் வாங்கும் சம்பளத்தையும் கிடைக்கும் பலனையும் சேர்த்துக் கேட்டுவிட்டார். ஸ்வின்னி சில நிமிடம் பொரிந்து தள்ளினார். அதற்குப் பிறகு அந்த அணி நோட்டர் டேமை 31-23 என்று வென்றது, மிச்சம் இருந்த அத்தனை ஆட்டத்தையும் வென்று 9-4 என்று முடித்தது. அந்தப் போன்தான் அணியை எழுப்பியது என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அப்படி நிரூபிக்க வழியில்லை. ஆனால் இரண்டு தேசியப் பட்டம் வென்ற கோச் போனை வைத்துவிட்டுப் போகாமல் பதில் சொன்னார் என்பதை நான் அவர் கணக்கில் வரவு வைக்கிறேன்.

நீங்கள் கூப்பிடுவதானால் சம்பளத்தைத் தொடாதீர்கள். தொட்டால் அவர் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார். ஊரைச் சொல்லுங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சுட்டிக் கேளுங்கள்: "போன வாரம் பந்தை விட்ட அந்தப் பையனை இரண்டாம் பாதியில் இறக்கவே இல்லையே, அவனிடம் என்ன சொன்னீர்கள்?" கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் குறுக்கிடாமல் அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு, முதல் நாள் எடுத்த அந்தத் தாளிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள்.